நீலக் காரில் சிக்கிய பாட்டுக்காரர்

போன கிழமை மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பல் வைத்தியரிடம் போய்விட்டு, வாயின் ஒரு பக்கம் மரத்திருக்க, பக்கத்துக் கோப்பிக்கடையில் ஒதுங்கினேன். கோப்பி குடிக்கும் நிலையில் இல்லை. வெளியே மழை, அவ்வளவுதான். உள்ளே மெதுவாக ஒரு கிட்டார் கேட்டது. பிறகு மௌத் ஆர்கன். பிறகு, இப்போதுதான் நித்திரையால் எழும்பியவர்போல ஒரு ஆண்குரல். ஹீட்டரின் தூசி மணமும் நனைந்த கம்பளி மணமும் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறின.

கல்லாவில் நின்ற பெண்ணிடம், இது யார் பாடுவது என்று கோணல் வாயால் கேட்டேன். அவள் போனில் படத்தைக் காட்டினாள். கண்ணாடி போட்ட, மெலிந்த ஒரு இங்கிலாந்துக்காரர். பார்த்தால் வங்கியில் வேலை செய்பவர் மாதிரி. அமெரிக்கக் கிராமத்துப் பாணியில் கிட்டாரோடு ஒரே ஒரு ஆல்பம் போட்டாராம். அந்தக் குரலுக்கு நான் இத்தனை காலமும் பெரிய தொப்பி, தடித்த மீசை, ஒரு குதிரை எல்லாம் கொடுத்து வைத்திருந்தேன். குதிரையை இறக்கிவிடக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த ஆல்பத்தை நாங்கள் கேட்டது நேசன் அண்ணையின் நீலக் காரில். நான் மொன்றியலுக்கு வந்த புதிது. புவாண்ட்-கிளேரில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் கிடங்கில் வேலை. அண்ணையும் அங்கேதான், எங்கள் கட்டிடத்தில் கீழ்வீடு. காலையில் ஏற்றிக்கொண்டு போவார், பின்னேரம் கொண்டுவந்து விடுவார். காரை ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவரிடம் பழசாக வாங்கியிருந்தார். வாங்கும்போதே உள்ளே ஒரு சிடி சிக்கியிருந்தது. எந்தப் பொத்தானை அமத்தினாலும் வெளியே வராது, ஆனால் பாடும். உறை இல்லாததால் பாடுகிறவரின் பெயரும் தெரியாது.

“தமிழ்ப்பாட்டுக் கேட்டால் ஊர் ஞாபகம் வருது பிள்ளை,” என்றார் ஒருநாள். “இதில எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. அதுதான் நல்லாயிருக்கு.”

ஒரு ஞாபகமும் இல்லை என்றவர், மூன்றாவது பாட்டு வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டுவார். என்ன சொல்லுறார் என்று கேட்பார். எனக்கு அப்போது ஆங்கிலம் பாதி விளங்கும், மீதியை நானே போட்டுக்கொள்வேன். யாரோ ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணுக்காகக் காத்து நிற்கிறார் என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அண்ணைக்குக் கல்யாணமாகி இரண்டு மாதத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. மனைவி வதனி அக்காவுக்கு விசா கிடைத்து அவ இங்கே வந்து சேர எட்டு வருடம் பிடித்தது. அவ வந்த அன்று விமான நிலையத்துக்கு நானும் ஒரு குளிர் கோட்டுடன் போனேன். அண்ணை பெட்டியைத்தான் முதலில் பிடித்தார். அக்கா என்னோடு பின்னுக்கு ஏறினா. கார் வெளிக்கிட, பாட்டும் தொடங்கியது.

“ஆர் தங்கச்சி உது அழுகிறது?” என்று என் காதுக்குள் கேட்டா. நான் சிரித்துவிட்டேன். அண்ணை கை நீட்டிப் பாட்டை அணைத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் காரில் பாட்டில்லை. அக்காவும் எங்கள் கிடங்கில் சேர்ந்தா. மூன்று பேரும் ஒன்றாகப் போய் வந்தோம், அக்கா என் பக்கத்திலேயே. ஒரு கை தூரத்தில் இருந்த மனுசனிடம் என் வழியாகத்தான் கதைப்பா, அவரும் அப்படித்தான்.

“தங்கச்சி, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டேலுமோ எண்டு அண்ணையிட்டைக் கேளும்.”

“பிள்ளை, கையுறையைப் போடச் சொல்லும்.”

எனக்கு அது முதலில் பகிடியாகத்தான் இருந்தது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா புட்டைப் பிசைந்தபடியே, “அவருக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல,” என்றா. “ஒழுங்காய் முகத்தைக்கூடப் பார்க்கிறேல்லை. திரும்பிப் போவமோ எண்டு யோசிக்கிறன்.” கல்யாணம் என்றால் புகைப்பட ஆல்பம் என்று நினைத்திருந்த வயது எனக்கு. என் டப்பாவில் இருந்த முட்டையை அவவுக்குக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, வேலை முடிந்து வரும்போது பெரும் பனி பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு லொறி குறுக்கே சறுக்கி, நெடுஞ்சாலை முழுக்கக் கார்கள் அப்படியே நின்றுவிட்டன. வைப்பர் மட்டும் ஓடியது.

அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “பிள்ளை, பாட்டுப் போடட்டோ எண்டு கேளும்.”

நான் வாய் திறக்க முதல் அக்கா, “போடுங்கோ,” என்றா. நேராக, அவருக்கு.

இரண்டு பாட்டுப் போனது. மூன்றாவது தொடங்கியதும் அண்ணை முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: “இதில ஒராள் ஸ்டேசனில நிக்கிறார். ரயில் வருது, போகுது. அவ இறங்கேல்லை.”

“பிறகு?”

“பிறகென்ன, அடுத்த ரயிலையும் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

அக்கா கொஞ்சம் முன்னால் சரிந்தா. “நீங்களும் அப்பிடி நிண்டனீங்களோ?”

“ஓம்.” ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “நிண்டு நிண்டு பழகிப்போச்சு. நீர் வந்தாப் பிறகு என்ன செய்யிறதெண்டுதான் எனக்குத் தெரியேல்லை.”

நான் யன்னல் பக்கம் திரும்பி, பனியை இதுவரை காணாதவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, “முன்னுக்கு வரட்டோ?” என்றா. பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்து இறங்கினா. முழங்கால் வரை பனி.

“வதனி, கவனம்!” என்று அண்ணை கத்தினார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். அக்கா தலையெல்லாம் வெள்ளையாக முன்சீட்டில் வந்து இருந்தா. அண்ணை தன் மப்ளரால் அவவின் தலையைத் துடைத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல. அடுத்த நாளிலிருந்து பின்சீட்டு முழுக்க எனக்கே.

கார் அந்தக் கோடையோடு படுத்துவிட்டது. இழுத்துப்போக வந்தவன் சிடியை ஸ்க்ரூடிரைவரால் கிண்டிப் பார்த்தான், வரவில்லை. கிடங்கு மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அவர்கள் புரோசார்டில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அவர்களின் மகள் பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பாள்.

கோப்பிக்கடையில் இருந்தே அக்காவுக்குப் போன் எடுத்தேன். “எங்கட கார்ப் பாட்டுக்காரர் அமெரிக்கர் இல்லையாம் அக்கா, இங்கிலாந்துக்காரராம்.”

“இஞ்சேருங்கோ, கேட்டனீங்களே?” என்று அக்கா அண்ணையைக் கூப்பிட்டா.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் அண்ணை தூரத்திலிருந்து.

“எப்ப சொன்னனீங்கள்? அமெரிக்கரெண்டெல்லோ சொன்னனீங்கள்!”

“அது நீர் சொன்னது.”

பேச்சு அங்கிருந்து பனிக்கால டயருக்குப் போய், மகளின் பரீட்சைக்குத் தாவி, அடுப்பில் இருந்த பருப்பில் வந்து நின்று, திரும்பவும் டயருக்குப் போனது. இருவரும் ஒருவரை ஒருவர் முடிக்க விடவில்லை. நான் போனைக் காதில் வைத்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணையிட்டைக் கேளும், அக்காவிட்டைச் சொல்லும் என்று என்னை நடுவில் வைத்திருந்த அந்த ஒரு மாரிகாலம் போயே போய்விட்டது.

“பேந்து எடுக்கிறன் அக்கா,” என்றேன். அது அவர்களுக்குக் கேட்டதோ தெரியாது.