பெயின்டர் வீட்டு ஷெட்டுக்கு ஜன்னல் எதற்கு

கார் நிறுத்தக் கட்டிய ஷெட்டில் இரண்டு ஜன்னல்கள் எதற்கு என்று அந்த வீட்டில் பதினெட்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை. சொந்தக் கார் என்று ஒன்று அங்கே நின்றதும் இல்லை. நின்றதெல்லாம் ஊரார் கார்கள். அவையும் கதவு நசுங்கியோ, பம்பர் பெயர்ந்தோ, முகத்தில் கீறலோடோ வந்து படுத்தவை. வீட்டுக்காரர் அவற்றுக்கு வர்ணம் அடித்து அனுப்புகிறவர். தெருவில் பெயின்டர் என்றால் அவர் ஒருவர்தான். சுவருக்கு அடிப்பவர்களை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியில் கேள்வியை எழுப்பியவரும் அவரே. ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கையிலிருந்த பெயின்ட்டை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டே, இரண்டு ஜன்னலையும் செங்கல் வைத்து அடைக்கப் போவதாக மனைவியிடம் அறிவித்தார். அடைப்பதற்கான நியாயங்கள் கைவசம் தயாராக இருந்தன. தூசி வருகிறது; ஈரப் பெயின்ட்டில் ஒரு துகள் உட்கார்ந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். ஸ்ப்ரே கன் மாட்டச் சுவரில் இடமில்லை. திருடன் வரலாம். போகிறவன் வருகிறவனெல்லாம் எட்டிப் பார்க்கிறான், தொழில் ரகசியம் வெளியே போகிறது.

மனைவி சலவை நிலையத்தில் துணி வாங்கி வைக்கும் மேஜையில் இருபது வருஷம் உட்கார்ந்தவர். கறை எங்கே இருக்கிறது என்று துணியைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். அவர் அந்த நியாயங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தூசி வந்தால் கண்ணாடிக் கதவைச் சாத்தலாம். ஸ்ப்ரே கன் மூன்றுதான், மூன்று ஆணி போதும். திருடன் விஷயத்தில், ஷட்டருக்கு இருந்த ஒரே பூட்டும் தொலைந்து ஆறு வருஷமாகிறது, அதைப் பற்றி இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை. தொழில் ரகசியத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்ததாகவும் ஆதாரமில்லை.

“கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு. திங்கக்கிழமை வராரு” என்று சொல்லிவிட்டுப் பெயின்டர் சாப்பிடப் போனார்.

அவர் எண்ணிக் காட்டாத காரணம் இன்னொன்று இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அவருடைய தொழில்முறை கொஞ்சம் தெரிய வேண்டும்.

பெரிய பட்டறைகளில் இப்போது கலர் பார்க்க மெஷின் வைத்திருக்கிறார்கள். காரின் உடம்பில் ஒட்ட வைத்தால் எந்தக் கலரில் எத்தனை சொட்டு என்று அது சீட்டு எழுதிக் கொடுக்கும். பெயின்டருக்கு அந்த மெஷின் மேல் கோபம் கிடையாது, இரக்கம்தான். அவர் முறை வேறு. கலரைக் கலக்கி, விரல் நீளத் தகட்டில் அடித்து, காயவிட்டு, தெருப்பக்க ஜன்னலுக்குக் கொண்டுபோய், வண்டியின் பழைய பெயின்ட்டோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். காலை பத்திலிருந்து மதியம் மூன்றுக்குள்தான் பார்ப்பார். மூன்றுக்கு மேல் வெயிலே பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி. இரண்டு கலரும் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் போகும்போது “ம்” என்பார். முப்பது வருஷமாக அந்த “ம்”முக்கு மேல்முறையீடு இருந்ததில்லை. வெள்ளை என்று ஒரு கலரே கிடையாது, பதினேழு வெள்ளை உண்டு, பதினேழும் தனக்குத் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு டாக்டர் காரின் பானெட்டை அடித்து முடித்து அவர் “ம்” என்ற அதே நேரத்தில், கையில் வாளியோடு ஜன்னலைக் கடந்த மனைவி நின்றார். “மூக்கு மட்டும் என்னங்க, பழைய பேப்பர் கலர்ல இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துணி துவைக்கப் போய்விட்டார். பெயின்டர் பானெட்டைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார், மறுபடி பானெட்டைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வெளிச்சக் கோளாறு என்று முடிவு செய்தார். அந்த வாரமே இரண்டு ஜன்னலுக்கும் தார்ப்பாய் தொங்கவிட்டு, நான்கு டியூப்லைட் மாட்டிக்கொண்டார். டியூப்லைட் பெருந்தன்மையானது. அதன் அடியில் பதினேழு வெள்ளையும் ஒரே குடும்பமாக இருந்தன. பிறகு மனைவி உள்ளே வந்து பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் தார்ப்பாய் காற்றில் தூக்கும். தூக்கும்போது ஒரு கீற்று வெயில் உள்ளே நுழைந்து, அடித்து முடித்த கதவின் மேல் விரலை வைத்துக் காட்டும். ஆகவே செங்கல்.

செங்கல் யோசனைக்கு ஒரு மாதம் முன்னால், தார்ப்பாய் தொங்கிய நாட்களில்தான் சம்பந்தியின் கார் வந்தது. மகளைக் கொடுத்த வீட்டுக் கார். சம்பந்தி ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். ஒற்றெழுத்து விட்டுப்போன கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பிறர் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லியே வீடு கட்டியவர். ஆனால் சம்பந்தியிடம் தப்புச் சொல்ல முடியுமா? பெண் எடுத்தவர் பெண் கொடுத்தவரைக் குறை சொன்னால் அது குறையாக நிற்காது, விவகாரமாகிவிடும். இருவரும் ஆறு வருஷமாக ஒருவரையொருவர் “நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி” என்று சொல்லியே உறவைக் காப்பாற்றி வந்தார்கள்.

முன்பக்க இடது கதவில் ஒரு கீறல், அவ்வளவுதான் வேலை. பெயின்டர் அடித்தார். கார் ஷட்டரைத் தாண்டி வெயிலில் இறங்கியது. சம்பந்தி கதவை ஒரு தரம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார்.

பெயின்டர் முந்திக்கொண்டார். “நான் அடிச்சதுதான் கம்பெனி கலர் சம்பந்தி. மத்த கதவெல்லாம் வெயில்ல மங்கிப்போச்சு.”

“நீங்க சொன்னா சரிதான்.”

மங்கிய கதவை அப்படியே விடுவது சம்பந்தி வீட்டுக்கு மரியாதையாகுமா? அடுத்த வாரம் பெயின்டரே வற்புறுத்திக் காரை வரவழைத்து, பின்பக்க இடது கதவை அடித்தார். முதல் கதவுக்குச் சரியாக அடித்ததாகத்தான் நினைத்தார். அது மூன்றாவது ஒரு வெள்ளையாக வந்தது. அதற்கடுத்த வாரம் வலதுபக்கம் இரண்டும். ஒரு மாதத்தில் அந்தக் கார், பெயின்ட் கடையில் கலர் காட்ட வைத்திருக்கும் அட்டை மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தி ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை கார்க் கண்ணாடியை இறக்கவில்லை.

பிறகு மகள் போன் செய்தாள். கொத்தனார் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. “அப்பா, மாமா இப்பல்லாம் காரே எடுக்கறதில்ல. பஸ்ல போறாரு. கேட்டா உடம்புக்கு நல்லதுங்கறாரு. அத்தை என்கிட்ட சரியாப் பேசி ஒரு வாரமாச்சு. காருக்கு என்னப்பா பண்ணினீங்க?”

பெயின்டர் பஸ் பயணத்தின் நன்மைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு போனை மனைவியிடம் கொடுத்தார். ஷெட்டுக்குப் போய் டியூப்லைட்டைப் போட்டார். ஏழெட்டுத் தகடுகளில் ஏழெட்டு வெள்ளை அடித்து வரிசையாக வைத்தார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. தார்ப்பாயை விலக்கி வெயிலில் வைத்தார். அப்போதும் ஒன்றுபோலவே இருந்தன. பயந்தது அங்கேதான். கலக்கியவர் அவர், வேறு வேறாகக் கலக்கியது அவர் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை.

மனைவி வந்து தெருப்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்றார். வரிசையை ஒரு நோட்டம் விட்டார். கையை நீட்டி மூன்று தகடுகளை எடுத்துத் தனியே வைத்தார். “இது வெள்ளை. இது ரெண்டும் மஞ்சள் அடிச்சுக் கிடக்கு. மத்ததப் பத்திக் கேக்காதீங்க.”

“வெளிச்சம் சரியில்ல.”

“மணி பதினொண்ணு. உங்க வெளிச்சம்தான்.”

அவர் ஒரு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாருக்கோ சொல்வது போல, “ஜன்னல் இருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்” என்றார்.

“ஜன்னல அடைச்சிட்டா? அடிச்ச வண்டியெல்லாம் ஷெட்டுக்குள்ளயேவா ஓடப்போகுது?”

அவருடைய நியாயங்களில் இது சேரவில்லை. தகட்டைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கண்ணை நம்பித்தான் முப்பது வருஷம் சோறு சாப்பிட்டோம், அது போய்விட்டது என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் குரலில் பெயின்டர் யாரும் இல்லை. மனைவி, டாக்டர் அப்படிச் சொன்னால் அதற்குப் பிறகு ஜன்னலை அடைத்துக்கொள்ளலாம் என்றார். கொத்தனாருக்கு மூன்று வாரம் கழித்து வரச்சொல்லி ஆள் போயிற்று.

கண் டாக்டர் விளக்கை அணைத்து, கண்ணுக்குள் ஒளியை அடித்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை என்றார். உள்ளேயிருக்கும் லென்ஸ் மஞ்சள் பூத்திருக்கிறது, மாற்றிவிடலாம், முதலில் வலது. அங்கே ஒரு நொடி பெயின்டருக்குத் தொழில் ஞாபகம் வந்தது. லென்ஸ் என்ன கலரில் வைப்பீர்கள் என்று கேட்டார். டாக்டர் கேள்வி புரியாமல் நர்ஸைப் பார்த்தார்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை பத்து மணிக்கு, ஷெட்டில் தார்ப்பாயைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். இடது கண்ணை மூடினால் சுவர் சுண்ணாம்பு. வலது கண்ணை மூடினால் அதே சுவர் சந்தனம். நாலைந்து முறை மூடித் திறந்து, சுவரில் தப்பில்லை என்று உறுதிசெய்துகொண்டார். அப்புறம் தெருப்பக்க ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். போகாமல் இருந்திருக்கலாம்.

முதலில் வந்தது, ஆறு மாதத்துக்கு முன்னால் பானெட் அடித்த அந்த டாக்டரின் கார். மூக்கு மஞ்சளாக, மற்றது வெள்ளையாக, காமாலை முற்றியது போல அது தெருவில் போயிற்று. அடுத்து பள்ளிக்கூட வேன், ஒரு பக்கத்தில் மட்டும் பல் கறை. மளிகைக் கடைக்காரர் வண்டியின் பின்கதவு வேறொரு வண்டியிலிருந்து கடன் வாங்கியது மாதிரி. மத்தியானத்துக்குள் பதினோரு வண்டிகளை எண்ணினார். ஆறு மாதமாக ஊர் முழுக்க அவர் கைவேலை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பார்க்காதவர் அவர் ஒருவர்தான். ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? விசாரித்ததில் உண்மை தெரிந்தது. அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லி அனுப்பியதால், கேட்டவர்களிடமெல்லாம் அவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள்: பெயின்டர் அடிச்சதுதான் ஒரிஜினலாம், நம்ம வண்டிதான் மங்கிப்போச்சாம்.

இப்போதுதான் ஜன்னலை அடைக்க அவருக்கு உருப்படியான காரணம் ஒன்று கிடைத்தது. நாளெல்லாம் அங்கே நின்று இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி வேலை செய்வது? மூன்று வாரம் முடிந்து கொத்தனாரும் செங்கல் வண்டியோடு வந்து இறங்கினார். எதை முதலில் அடைக்க வேண்டும் என்று கேட்டார். பெயின்டர் தெருப்பக்கம் கையைக் காட்டப் போன சமயத்தில், அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே சம்பந்தியின் கார் வந்து நின்றது. ஆபரேஷன் ஆனவரை விசாரிக்காமல் இருக்க முடியாதே. வேறு வழியின்றிக் குடும்பத்தோடு காரில் வந்திருந்தார்கள். மகளும் இறங்கினாள். இறங்கியவள் அப்பாவைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

பெயின்டர் வலது கண்ணால் காரைப் பார்த்தார். வழியில் எங்கோ யாரோ தூசி படிந்த பானெட்டில் விரலால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் தெரிந்ததுதான் அந்தக் காரின் உண்மையான வெள்ளை. கொத்தனாரை நிற்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

“சம்பந்தி, உங்க வண்டி மங்கல. மங்கினது என் கண்ணு. நாலு கதவும் தப்பு.”

சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். ஆறு வருஷமாகப் பழகிய வாய், “நீங்க சொன்னா…” என்று தானாகத் தொடங்கி, பாதியில் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“நாலு கதவு மட்டும் இல்ல சம்பந்தி. பெட்ரோல் மூடியும். அப்புறம் வலதுபக்கக் கைப்பிடிக்குக் கீழ ஒரு சொட்டு வழிஞ்சிருக்கு. ரெண்டாவது கதவு ஓரத்துல டேப் பிரிச்ச அடையாளம்.”

“வேற?”

“வேற… சொல்லலாமா?”

“சொல்லுங்க. அதுக்குத்தான நிக்கிறோம்.”

சொன்னார். காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, மொத்தம் பதினான்கு. இரண்டு மாதமாக அடக்கி வைத்தது. சொல்லி முடித்தபோது அவர் முகம் கொஞ்சம் சிவந்து தெளிந்திருந்தது. சம்பந்தி அம்மாள் மருமகளைப் பார்த்து, வெயிலில் நிற்காமல் உள்ளே வாம்மா என்றார்.

கொத்தனார் விஷயம் பாக்கி. வந்த ஆளையும் செங்கல்லையும் திருப்பியனுப்ப முடியாது. சந்துப் பக்கம் இருந்த இன்னொரு ஜன்னல் உண்மையிலேயே தூசி ஜன்னல்தான். அதை அடைத்து, பூசி, மூன்று ஸ்ப்ரே கன்னும் மாட்டியாயிற்று. தன் நியாயங்களில் ஒன்றாவது நிற்கிறது என்பதில் பெயின்டருக்குத் திருப்தி. தெருப்பக்க ஜன்னலுக்கு இருந்த தார்ப்பாயை மனைவி எடுத்து விறகின் மேல் போர்த்திவிட்டார். வேலை செய்யலாம் என்று கண் டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து காலை பத்து மணிக்கு அந்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு சம்பந்தி உட்கார்ந்தார். முதல் தகட்டுக்கு இல்லை என்றார். இரண்டாவதுக்கும் இல்லை. ஆறாவதுக்குப் பெயின்டரே “ம்” என்றபோது, சம்பந்தி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, “ஒரு சொட்டு நீலம் வேணுமோ?” என்றார். நீங்க சொன்னா சரிதான் என்று பெயின்டர் சொல்லவில்லை. ஒரு சொட்டு நீலம் விட்டுப் பார்த்தார். வேண்டித்தான் இருந்தது.

அந்தக் கார் சரியாகிப் போய்விட்டது. இன்னும் பதினோரு வண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தெருவில் வரும்போது பெயின்டர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, “கொஞ்சம் நில்லுங்க, அந்தக் கதவச் சரிபண்ணித் தரேன்” என்று கூப்பிடுகிறார். இன்னொரு கதவும் மங்கிவிட்டது என்று சொல்லப்போகிறார் என நினைத்து, அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.