அம்மா விடச் சொன்ன பக்கம்

காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டு முன்னறையில் சித்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அம்மாவின் தங்கை. இருபது வயதைத் தாண்டியவுடன் காசநோய் வந்துவிட்டது. ஊசி மருந்துக்கும் கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா மட்டும்தான் கட்டிலருகே போவாள். எனக்கு அறை வாசற்படிவரைதான் அனுமதி.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் பெண்கள் பார்க்க வருவார்கள். அவர்களும் படியைத் தாண்டமாட்டார்கள். "அர்ச்சியசிஷ்ட தெரேசம்மாளும் இதே சீக்குலதான் கெடந்தாங்க. கடைசிவரைக்கும் சிரிச்ச முகம். நீயும் அப்படியேதாம்மா இருக்கே" என்பார்கள். சித்தி சிரிப்பாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அந்தச் சிரிப்பும் போய்விடும். விருந்தாளிகள் போனதும் நல்ல பீங்கானை அலமாரியில் எடுத்து வைப்பதுபோல இதுவும் ஒரு வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களில் ஒருத்தி அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தாள். புனிதர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படியில் உட்கார்ந்து சித்திக்கு அதைப் படித்துக்காட்டுவது என் வேலை. அந்தப் புத்தகத்தில் யாரும் பிழைப்பதாக இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சிலரை நானே பிழைக்க வைத்தேன். 'மறுநாள் காய்ச்சல் விட்டது. எழுந்து சோறு சாப்பிட்டார்' என்று முடித்துவிடுவேன். சமையற்கட்டிலிருந்து கேட்ட அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. சித்திதான் ஒருநாள் கேட்டாள்: "நெருப்புல வாட்டிக் கொன்ன ஆளுக்குக் காய்ச்சல் எப்படிடி வந்துச்சு?"

லண்டனில் சுதந்திரம் பேசிவிட்டுத் திரும்பிய தலைவர்களைப் பார்க்க, தெருவே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போன நாள் அது. அப்பாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தி தெரேசம்மாள் சரித்திரத்தை எடுக்கச் சொன்னாள்.

"உள்ளத உள்ளபடி படி. பொழைக்க வைக்காத."

படித்தேன். இருமல், இரத்தம், காய்ச்சல். பிறகு வந்த பக்கத்தில், கடைசி மாதங்களில் தெரேசம்மாளுக்கு மோட்சமே இருண்டுபோனதாக எழுதியிருந்தது. எத்தனை ஜெபித்தாலும் ஆறுதல் வரவில்லையாம். அப்பால் ஒன்றுமே இல்லையோ என்ற எண்ணம் வந்து வாட்டியதாம். படிப்பதே பாவமோ என்று நிறுத்திவிட்டேன்.

"அந்தப் பக்கத்த விட்டுட்டு அடுத்தத படி" என்று சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"விடாத. இன்னொரு தடவ படி" என்றாள் சித்தி.

மறுபடி படித்தேன். அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு" என்றாள் சித்தி. "ஜெபம் சொன்னா யாரும் கேக்குற மாதிரியே இல்ல. சாகப் பயமா இருக்கு. எல்லாரும் சிரிக்கச் சொல்றாங்க."

இப்படி ஏதாவது சொன்னால், "சும்மா இரு, நல்லாயிடும்" என்பதுதான் அம்மாவின் வழக்கம். அன்று சொல்லவில்லை. கரண்டியைத் தரையில் வைத்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து தங்கையின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். இருவரும் சத்தம்போட்டு அழுதார்கள்.

அப்போதுதான் அப்பா தொண்டை கட்டிய குரலில் "மெர்டேக்கா! சுதந்திரத்துக்குத் தேதி சொல்லிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே வந்து, அப்படியே நின்றுவிட்டார்.

சித்தி முகத்தைத் துடைத்தாள். "எப்ப அத்தான்?"

"அடுத்த வருசம். ஆகஸ்டுல."

"அப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நல்லாப் பாக்கட்டும்" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். பிறகு கஞ்சி கேட்டாள். கிண்ணத்தில் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

அதன்பின் மத்தியானமெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சிரிப்பதில்லை. வலித்தால் வலிக்கிறது என்றாள். விசுவாசம் குறைந்துவிட்டது என்று வாசலில் செருப்பு மாட்டும்போது பெண்கள் கிசுகிசுத்தார்கள். நானும் நம்பினேன். என் படிப்பால் சித்தி கெட்டுவிட்டாள் என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் அவளுக்காக மாதாவிடம் மங்களவார்த்தை ஜெபம் சொன்னேன்.

ஆகஸ்டுக்கு வெகு முன்பே அவள் போய்விட்டாள். விசுவாசம் போய்விட்டதென்று நாங்கள் முடிவுகட்டியவள், கேட்க யாரும் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னவள், கடைசி நாள்வரை கோயிலில் அந்தி மணி அடித்ததும் அம்மாவிடம் ஜெபமாலையைக் கேட்டு வாங்கியது எதற்கென்று அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை.