குளிக்கும் கரை, பார்க்கும் கரை

1994 மே 14, சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். கூடங்குளத்தை அடுத்த கிறிஸ்தவ மீனவ ஊரில் கல்லூரித் தோழியின் வீட்டில் இருக்கிறேன். தாமிரபரணியில் நீந்திப் பழகிய எனக்குக் கடலில் ஒருமுறையாவது நீந்திவிட வேண்டும்.

பாறைத் திட்டு ஒன்று கடற்கரையை இரண்டாகப் பிரிக்கிறது. மீன் விற்றுத் திரும்பும் தோழியின் அம்மாவிடம், எந்தப் பக்கம் நல்லது என்று கேட்கிறேன்.

"குளிக்கணும்னா கெழக்க போ பிள்ள. அலை பாக்கணும்னா மேக்க. அங்க கால வச்சா ஆளையே இழுத்துட்டுப் போயிரும்."

கிழக்கே நீர் சாதுவாகக் கிடக்கிறது. ஆனால் வலை பழுதுபார்க்கும் ஆண்கள் முப்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். மேற்கே அலைகள் ஆளுயரம் எழுந்து உடைகின்றன. பார்க்க ஒருவரும் இல்லை.

திரும்பி வந்து, "பாக்குற கூட்டமெல்லாம் குளிக்கிற கரையிலதான் இருக்கு, அத்தை" என்கிறேன்.

அவர் சிரிக்கிறார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. மொதப் பூசைக்கு மணியடிச்சா ஒருத்தனும் கரையில நிக்க மாட்டான். பொம்பளைகளுக்கு ரெண்டாம் பூசை. ஏன்னு நெனைக்க?"

மறுநாள் காலை மணியடித்ததும் கிழக்குக் கரைக்குப் போனேன். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் ஏற்கெனவே கழுத்தளவு நீரில் இருந்தார்கள். கோயில் ஒலிபெருக்கியில் பிரசங்கம் முடியும்வரை நீந்தினேன். அது மிக நீண்ட பிரசங்கம். எங்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை.