பொன்மணி வீட்டுத் தரை

வெள்ளைத்தாய்க்குப் பொன்மணியின் மேல் வயிற்றெரிச்சல் தொடங்கியது தொண்ணூற்றெட்டு ஐப்பசி மழையில்.

கோவில்பட்டியில் பார்வதியம்மாளுக்கு ஒரே வரிசையாக நாலு ஓட்டு வீடுகள். மூன்றாவதில் வெள்ளைத்தாய் ஏழு வருஷமாகக் குடியிருந்தாள். புருஷன் வேல்ராஜ் லாரி ஓட்டப் போனால் லேசில் திரும்ப மாட்டான். அவள் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டினாள். கடைசி வீட்டுக்கு அந்தக் கோடையில்தான் புதூர்ப் பக்கமிருந்து பொன்மணி குடிவந்திருந்தாள்.

அன்றைய மழையில் வெள்ளைத்தாய் வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. சுவரோரமாகத் தரைக்குள்ளிருந்து ஊறி வந்தது. ஓடு வேறு ஒழுகியது. ஒட்டிக் குவித்திருந்த பெட்டிகளைத் தூக்கி வைக்க இடமில்லாமல் அவள் தவித்தபோது பொன்மணி வந்து எட்டிப் பார்த்தாள்.

“எக்கா, பெட்டியெல்லாம் நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க. அங்கன ஈரமே இல்ல.”

கொண்டுபோனாள். பொன்மணி வீட்டுத் தரை உலர்ந்து கிடந்தது. அரிசி மூட்டை செங்கல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நடுவீட்டில் அவள் பிள்ளை கவலையில்லாமல் தூங்கியது. பெட்டிகள் தப்பின. ஆனால் அந்தக் காய்ந்த தரையில் காலை வைத்ததும் வெள்ளைத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்று வந்தவளுக்கு இந்த வீடா?

மழை வெறித்ததும் நேரே பார்வதியம்மாளிடம் போய் நின்றாள்.

“ஆச்சி, ஏழு வருசமா இருக்கவளுக்கு ஓட்டை வீடு, இப்ப வந்தவளுக்கு நல்ல வீடா?”

“ஏட்டி, நாலும் ஒரே நாள்ல கட்டுன வீடுதான். அவ வைகாசியிலயே வந்து, ஓடு உடைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்கன்னு என் உசுர எடுத்தா. ஆள் விட்டேன். நீ ஒழுகுன பெறகுல்லா வாரே?”

இந்தப் பதில் மழையைவிடக் கூடுதலாக நனைத்தது. வீட்டுக்காரி பாரபட்சம் பார்த்திருந்தால் ஊரெல்லாம் சொல்லி ஆறியிருக்கலாம். பொன்மணி கெட்டிக்காரி என்பதை யாரிடம் சொல்லி ஆறுவது?

அடுத்த கோடை முழுவதும் பெட்டி ஒட்டுகிற சாக்கில் அவளையே நோட்டம் விட்டாள். வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்குப் பிளந்தது. முதல் மழை அதில் இறங்கித்தான் அஸ்திவாரத்தடியில் போய் வீட்டுக்குள் ஊறுகிறது என்பது, பொன்மணி இந்தக் கோடையிலும் அந்தப் பிளவில் சரளைக் கொட்டிக் கெட்டித்தபோதுதான் வெள்ளைத்தாய்க்கு விளங்கியது. மேலே செம்மண்ணைப் போட்டு, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரித்துவிட்டாள். பின்பக்கம் ஒரு வரப்பும் போட்டாள்.

எல்லாம் புரிந்தும் வெள்ளைத்தாய் ஒரு கை மண் அள்ளவில்லை. ‘அவளைப் பாத்துச் செஞ்சான்னு பேராயிரும்’ என்ற வீம்பு.

மறுபடி ஐப்பசி வந்தது. ஒரு பகலில் வானம் கறுத்து ஊற்றியது. வெள்ளைத்தாய் வீட்டுச் சுவரோரம் கசியத் தொடங்கியது. பொன்மணி வீடு பூட்டிக் கிடந்தது. நாகலாபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். பின்பக்கம் தண்ணீர் பொன்மணியின் வரப்பில் முட்டி நின்றதைப் பார்த்தாள். ஒரு வெட்டு வெட்டினால் போதும். அவள் வீட்டுத் தரையும் ஒருநாள் நனைந்து பார்க்கட்டுமே. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

ஓங்கிய நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எக்கா! எனக்காகவா இந்த மழையில நிக்கிய?”

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த பொன்மணி தொப்பலாக நின்றாள். “வரப்பு உடைஞ்சிரும்னு பஸ்ஸுல உசுரக் கையில பிடிச்சிட்டு வந்தேன். நீங்க பாத்துக்கிட்டிய.”

வெள்ளைத்தாய் ஓங்கிய மண்வெட்டியால் மண்ணை வெட்டி வரப்பின் மேல் போட்டாள். பொன்மணி பிள்ளையை உள்ளே விட்டுவந்து காலால் மிதித்துக் கெட்டித்தாள். பிறகு கேட்காமலே வெள்ளைத்தாய் வீட்டுப் பின்பக்கம் போய், தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் கீறிவிட்டாள். அன்று சாயங்காலம் தெருவெல்லாம், “எக்கா மட்டும் இல்லன்னா என் வீடு போயிருக்கும்” என்று சொல்லித் திரிந்தாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வெள்ளைத்தாய்க்கு உள்ளே சுருக்கென்றது. ‘நல்ல மனசும் இவளுக்குத்தானா வாய்க்கணும்’ என்று அதற்கும் பொறாமைப்பட்டாள்.

ஆனால் அடுத்த வைகாசியில் ஓடு மாற்றச் சொல்லிப் பார்வதியம்மாள் வீட்டு வாசலில் முதல் ஆளாக நின்றவள் அவள்தான். சரளும் செம்மண்ணும் போட்டாள். அந்த வருஷ மழைக்கு அவள் வீட்டில் பொட்டு ஈரமில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டவர்களிடம், “இதுல என்ன இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்” என்றாள்.

இரண்டாயிரத்து மூன்றில் பொன்மணி குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூர் போனது. “நீ ஆசப்பட்ட வீடுதான, எடுத்துக்கோ” என்று பார்வதியம்மாள் சாவியை நீட்டினாள். வெள்ளைத்தாய் ஆசையாகத் திறந்து உள்ளே போனாள். சாமான்கள் இல்லாத வெறும் தரையில் நின்று வெளியே பார்த்தபோது, தெரு ஏறக்குறைய வாசல்படி உயரத்துக்கு இருந்தது. தன் வீட்டைவிட இந்த வீடு ஒரு சாண் பள்ளம்.

இத்தனை பள்ளத்தில் இருந்துகொண்டா ஒரு மழைக்கும் நனையாமல் இருந்தாள்?

வீடு வேண்டாமென்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று பூராவும் அவளுக்குப் பெட்டி ஒட்டக் கை ஓடவில்லை.