தம்பி கட்டாரில் இருக்கிறான்

மூளையை ஆராயிறவை ஏசி அறையிலை இருப்பினம். அந்த மூளை இருக்கிற வீட்டைத் தேடிப் படலை படலையாய்த் தட்டுறது என்னைப்போல ஆக்கள்தான். படிவமும் பேனையுமாய் வெயிலுக்கை அலைஞ்ச எவருக்கும் நான் சொல்லப்போறது விளங்கும். உங்களையும் நாய் துரத்தியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலை ஒரு வைத்தியர் குழு. தூள், ஐஸ் எண்டு போதை பாவிக்கிறவையின்ரை மூளையிலை என்ன நடக்குது, விட்டாப்பிறகும் ஏன் திரும்பத் தொடுகினம் எண்டு பாக்கினம். அப்பிடியான ஆக்களைத் தேடிப் பதியிறது என்ரை வேலை, பதியிறவைக்குக் கிளினிக்கிலை வைத்தியத்துக்கு இடமும் குடுப்பினம். நான் இந்த வேலைக்குப் போனதே அந்த இடத்துக்காகத்தான். என்ரை தம்பி கபிலனுக்கு வயசு இருபத்தாறு. ரெண்டு வருசமாய் ஐஸ். வேலணைத் தீவிலை எங்கட வீட்டுப் பின்னறையிலைதான் இருக்கிறான். ஆனால் அம்மா ஊருக்குச் சொன்னது, அவன் கட்டாரிலை எண்டு. எனக்குக் கலியாணம் பேசுகினம், அது முடியுமட்டும் அவன் அங்கைதான் இருக்கவேணுமாம். பதியிறதெண்டால், ஆள் ஊரிலைதான் எண்டு கிராம அலுவலர், எங்கட விதானையார், கையெழுத்து வைக்கவேணும். அந்த விதானையாருக்கும் அம்மா கட்டார் எண்டே சொல்லிப்போட்டா.

பக்கத்துத் தீவு

முதல் கிழமை வேலணை. "எங்கட பக்கம் அந்தப் பழக்கம் இல்லைப் பிள்ளை, ஊர்காவற்றுறையிலை கேட்டுப் பாரும்" எண்டு எல்லாப் படலையிலும் ஒரே பாட்டு. ஊர்காவற்றுறைக்குப் போனால், "ஐயோ, இஞ்சை ஆர்? நெடுந்தீவுக்குப் போம்" எண்டவை. ஒரு மணித்தியாலம் படகு ஆட ஆடச் சத்தியெடுத்து நெடுந்தீவிலை இறங்கினன்.

துறைமுகத்துக்குக் கிட்ட தேத்தண்ணிக் கடையிலை இருந்த பெரியவர் என்ரை படிவத்தை வாங்கி, முதல் பக்கத்திலையிருந்து கடைசிப் பக்கம்மட்டும் வாசிச்சார். திருப்பித் தந்துபோட்டுக் கேட்டார்: "நீர் வேலணையிலை தேடேல்லையோ? அங்கைதானே எல்லாம் இருக்கு!"

முறிஞ்ச கட்டையள்

எழுவைதீவிலைதான் முதல்முதல் ஒருவர் உள்ளதைச் சொன்னவர். யோசேப்பு அண்ணை, கடற்தொழில், ரெண்டுதரம் ஐஸை விட்டு ரெண்டுதரமும் திரும்பத் தொட்டவர். வைத்தியர் எனக்குப் பாடமாக்கித் தந்ததை அவருக்கு ஒப்புவிச்சன். சந்தோசத்தை வாங்கிப் பிடிக்கிறதுக்கு மூளையிலை ஏற்பி எண்டு சின்னச் சின்ன இடங்கள் இருக்கு, ஐஸ் எடுத்தால் சந்தோசச் சுரப்பு அளவுக்கு மிஞ்சி வந்து அடிக்கும், அடிக்க அடிக்க ஏற்பியள் குறைஞ்சுபோகும் எண்டு.

அவர் வலையை வைச்சுப்போட்டு யோசிச்சார். "அப்ப, வள்ளங்கள் கூடிவந்து இடிச்சு இறங்குதுறைக் கட்டையள் முறிஞ்சுபோச்சுது. பிறகு எங்கட வள்ளம் வந்தாலும் கட்ட இடமில்லை. அப்பிடித்தானே?" எண்டார். பிறகு யாழ்ப்பாணத்திலை நான் இதைச் சொல்ல, "இதைவிட வடிவாய் என்னாலையும் சொல்ல ஏலாது" எண்டார் வைத்தியர். அண்டைக்கு, கட்டை திரும்ப வருமோ எண்டு யோசேப்பு அண்ணை கேட்டார். கன மாதம் விட்டிருந்தால் ஓரளவுக்கு வருமாம் எண்டன். உடனை கையெழுத்து வைச்சார். நான் எழும்பேக்கைதான் சொன்னார்: "மகளின்ரை முதல்நன்மைக்குக் கோயிலிலை எல்லாரும் சந்தோசத்திலை அழுதவை. எனக்கு ஒண்டும் வரேல்லைப் பிள்ளை. அதையும் எழுதும்."

டுபாயிலை இருமல்

திரும்பவும் நெடுந்தீவு. பவளக்கல்லு மதில் வைச்ச ஒரு வளவு. அந்த அக்கா கதிரை போட்டு, மோர் தந்து, ஒரே மகன் டுபாயிலை எண்டா. மதிலுக்கு அங்காலை ஆரோ விடாமல் இருமுற சத்தம். "மாடு" எண்டா அக்கா. மாடு இருமிப்போட்டுக் காறியும் துப்பிச்சுது.

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம், வரேல்லை. "அக்கா, இது பொலிஸ் இல்லை, வருத்தம்தான், மருந்து இருக்கு" எண்டு கெஞ்சிப் பாத்தன். அவ என்ரை கையிலையிருந்த பேனையைப் பாத்துக்கொண்டு சொன்னா: "நீர் டுபாய் எண்டே எழுதும். உம்மட வீட்டிலை எண்டால் நீர் வேறை என்னத்தை எழுதுவீர்?"

சம்பந்தம்

சுவிஸ் மாப்பிள்ளையின்ரை சித்தி எங்கட வீட்டுக்கு வந்தா. அண்டைக்கு முழுக்கக் கபிலன் பின்னறையிலை மூச்சுக் காட்டேல்லை. சித்தி வடை திண்டு, தேத்தண்ணி குடிச்சு, ஒழுங்கையிலையும் நாலு வீட்டிலை விசாரிச்சுப்போட்டுத்தான் போனவ. மூண்டாம் நாள் போன் வந்தது. தம்பியின்ரை கதை ஒண்டும் இல்லை, அவன் கட்டாரிலை எண்டதை நல்லாய் நம்பிட்டினம். "தூள்காரரோடை திரியிற வேலை செய்யிற பொம்பிளை எங்கட குடும்பத்துக்குச் சரிவராது" எண்டினம்.

அம்மா அழுதா. நான் அழேல்லை, எனக்கு ஆத்திரம். "இப்பத்தான் சம்பந்தமும் இல்லையே, கபிலனைப் பதிய விடுங்கோ" எண்டு கத்தினன். அம்மா சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா: "அடுத்தது வராமலே விடும்? அதுமட்டும் அவன் அங்கையே இருக்கட்டும்."

எங்கட ஒழுங்கை

பதிவு முடியிற நாள். முதல் கிழமை நான் தட்டாமல் விட்ட எங்கட ஒழுங்கைதான் மிஞ்சிக் கிடந்தது. காலமை கபிலன் தானாய் வந்து, "பதி அக்கா, விதானையாரோடை வா, நான் வெளியிலை வாறன்" எண்டான். தாடி வழிச்சு, வெளியிலை போற சேட்டும் போட்டிருந்தான். கன காலத்துக்குப் பிறகு தம்பியின்ரை முகத்தைக் கண்டன். அம்மாவை நான் சமாளிக்கிறன், கூப்பிடேக்கை வா எண்டன்.

விதானையாரோடை என்ரை வீட்டுப் படலையை நானே தட்டினன். அம்மா கதிரை போட்டா. "மகன் கட்டாரிலை" எண்டா. விதானையார் என்னைப் பாத்தார். பின்னறைத் திரைச்சீலைக்குக் கீழை கபிலன்ரை கால் தெரிஞ்சது. எத்தினை வீட்டிலை தாய்மாரோடை மல்லுக்கட்டினன், என்ரை வீட்டிலை வாய் திறக்கேல்லை. கட்டார் எண்டு எழுதினன். விதானையார் கையெழுத்து வைச்சார். அவர் படலையைச் சாத்தினாப்பிறகு கபிலன் சேட்டைக் கழட்டிக்கொண்டே கேட்டான்: "எனக்குக் கட்டாரிலை என்ன வேலை எண்டு எழுதினனி, அக்கா? ஆரும் கேட்டால் நானும் சொல்லவேணுமெல்லே."

நான் நிரப்பிக் குடுத்த படிவங்களை வைச்சுப் பாத்தால், யோசேப்பு அண்ணை ஒருவரைத் தவிரத் தீவுப்பகுதியிலை ஆருக்கும் ஒரு வருத்தமும் இல்லை, மற்றவை எல்லாரும் வெளிநாட்டிலை நல்லாய் உழைச்சுக்கொண்டிருக்கினம்.