அந்தோணியாருக்கு விட்ட கிடாரி

சவரிநாதனின் பூட்டன் பால் கறந்தால் செம்பில் எழும்புகிற நுரைமேல் காக்கை வந்து உட்காரும், கால்கூட நனையாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அந்த வீட்டுப் பால் போய்ச் சேர்ந்து, துரை காப்பி குடித்து மீசையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் காரைக்காலில் கொடி ஏறும். ஒரு நாள் பசு உதைத்துப் பால் கொட்டிப்போனதால், மத்தியானம்வரை ஊரில் எந்த நாட்டு ஆட்சி நடக்கிறதென்றே யாருக்கும் தெரியவில்லை. நம்பாதவர்கள் போலகம் பக்கம் வந்து விசாரிக்கலாம். விசாரிப்பதற்கு ஆள்தான் மிச்சமில்லை.

நான்காவது தலைமுறையான சவரிநாதனைப் பற்றி இப்படி அளந்துவிட ஒன்றும் கிடையாது. கறப்பான், மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஊற்றுவான். தண்ணீர் கலப்பானா என்றால், கலப்பான். "வாய்க்கா தண்ணியா ஊத்துறேன்? எங்க வீட்டுக் கேணித் தண்ணி" என்று அதிலும் பெருமை. பூசைக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். "சாணி வாடதான? சேசு பொறந்த எடத்துல அடிச்ச வாடதான்" என்பான்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய்ப்பசுவுக்கு வயசாகும்போது அதன் வயிற்றில் பிறந்த கிடாரிக் கன்று ஒன்றை வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துவிடுவார்கள். பொங்கல் கழிந்து வருகிற அவருடைய திருநாளில் மாலை போட்டுக் கோயிலுக்கு ஓட்டி வருவார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார், அவருக்கு ஒத்தாசையாக இருக்கிற உபதேசியார் ஏலம் விடுவார். கன்றைக் கொடுத்தவனே முதலில் கேட்பான். அதற்குமேல் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காசு உண்டியலுக்கு, கன்று வீட்டுக்கு. அப்படித் திரும்பி வருகிற கன்றுதான் அடுத்த தாய்ப்பசு. பூட்டன் நாளிலிருந்து அந்தக் கொட்டகை நிறைந்தது இந்தக் கன்றுகளின் வயிற்றால்தான்.

புயல் கொட்டகையைச் சாய்த்த வருஷம் மூன்று பசுக்களே மிஞ்சின. அவற்றில் இரண்டுக்குச் சினை நிற்கவில்லை. தாய்ப்பசுவோ பழிவாங்குவதுபோல் காளையாகவே போட்டுக்கொண்டிருந்தது. போன வருஷம்தான் ஒரு செவலைக் கிடாரி பிறந்தது. பசுவுக்கு இனிமேல் ஈற்று இல்லை என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, நான்கு தலைமுறையும் அந்த ஒரு கன்றின்மேல் நின்றது.

அவனுடைய மகன் ஜான்பீட்டருக்கு மனை விற்கிற தொழில். கொட்டகை இருப்பது சாலையோரம். சோற்றில் கை வைத்தபோதெல்லாம் இதே பேச்சு.

"ரோட்டோர எடம்ப்பா அது. மாடு மூத்திரம் பேயிற எடமா?"

"எங்க பூட்டன் காலத்துலேந்து அங்கதான் பேயிது. ஒனக்கு என்னடா பொறாம?"

"இன்னும் எத்தன நாளைக்குப்பா?"

"கொட்டாயில கிடாரின்னு ஒண்ணு நிக்கிற வரைக்கும். அதுக்கப்பறம் கொட்டாயப் பிரி, என்னையும் சேத்துப் பிரி."

மகன் எழுந்து கை கழுவப் போனான். ஜெயித்துவிட்டோம் என்று அப்பன் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

இந்த வருஷத் திருநாளில் செவலையை ஓட்டி வந்தான். ஏலத்தில் அவன் கேட்டதும், உபதேசியார் வழக்கப்படி ஒருதரம் ரெண்டுதரமென்று ஓட்டிவிட்டு மூன்றாவதற்கு வாயைத் திறந்தார்.

"மேல கேக்குறேங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரஞ்சித்குமார் என்று ஒரு பையன், அம்பகரத்தூர்ப் பக்கத்து மாட்டு வியாபாரி.

"தம்பி வெளியூரா? இது வீட்டுக்காரவுங்க கேள்விப்பா. வழக்கம்னு ஒண்ணு இருக்கு" என்றார் உபதேசியார்.

"மைக்குல ஏலம்னுதானங்க சொன்னீங்க? வழக்கம்னு சொல்லலியே."

சாமியார் ஊருக்குப் புதியவர். உண்டியலுக்கு வருவதை வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சவரிநாதன் ஏற்றினான், பையன் அதற்குமேல் ஏற்றினான். சவரிநாதன் மடியிலிருந்தது தீர்ந்ததும், "வண்டியையும் சேத்துக்குங்க உபதேசியாரே" என்று மொபெட் சாவியை நீட்டினான். யாரோ சிரித்தார்கள். மணிக்கூண்டின் கீழே ஜான்பீட்டர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பீட்டரு, ஏதாச்சும் வச்சிருக்கியாப்பா?"

"கையில ஒண்ணும் இல்லியேப்பா."

உபதேசியார் மூன்றுதரம் என்றார்.

கன்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்குச் சவரிநாதன் ஓடினான். பத்தடி தள்ளி நின்ற எங்களுக்கும் கேட்டது.

"தம்பி, யாருக்கும் வித்துப்புடாதீங்க. கெழட்டு மாட்டத் தள்ளிவிட்டுட்டு நானே வந்து வாங்கிக்கிறேன்."

பையன் திகைத்துப்போனான். "பெரியவரே, எனக்கு இதுல என்னங்க இருக்கு? ஒங்க மவன்தான் ஏலம் கேக்கச் சொன்னாரு. காசும் அவரு குடுத்ததுதாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

சவரிநாதன் கன்றின் கழுத்துக் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"தெரியும், தெரியும். கயித்த இறுக்கிக் கட்டாதீங்க" என்றான்.

அன்று மகனோடு சண்டை போடவில்லை. மறுநாள் விடிந்தபோது கொட்டகைக் கூரைமேல் உட்கார்ந்து கீற்றுகளைப் பிரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். ஜான்பீட்டர் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

"அப்பா! எறங்குங்கப்பா. ஆள் வச்சுப் பிரிச்சுக்கலாம்."

"சொன்னது சொன்னதுதான்டா. கிடாரி இல்ல, கொட்டா இல்ல."

"ஒங்க நல்லதுக்குத்தாம்ப்பா செஞ்சேன்."

"எனக்கு மட்டுமா? அந்தோணியாருக்குக் காசு, மாட்டுக்காரனுக்குக் கமிஷன், ஒனக்கு எடம். ஊருக்கே நல்லது பண்ணியிருக்க."

"நேரா கேட்டா குடுத்துருப்பீங்களா?"

"குடுத்துருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கீற்றை உருவினான்.

மூன்று கிழட்டுப் பசுக்களும் அந்த வாரமே போயின. கொட்டகை இருந்த இடத்தில் போட்ட மனைகளுக்கு 'பால்பண்ணை நகர்' என்று பெயர். நான்கு தலைமுறைப் பாரம்பரியமென்று விளம்பரப் பலகையில் போட்டால் மனை சீக்கிரம் போகுமாம். அதற்கு அப்பனைக் கன்றோடு நிற்கவைத்துப் படம் வேண்டும். எங்கிருந்தோ ஒன்றை வாடகைக்குப் பிடித்து வந்தார்கள். சவரிநாதன் குனிந்து பார்த்தான்.

"இது காளக் கன்னுடா."

"படத்துல தெரியாதுப்பா. கயித்தப் புடிச்சிக்கிட்டுக் கொஞ்சம் சிரிங்க."

பிடித்துக்கொண்டான். சிரிக்கவும் செய்தான்.

அந்தச் சிரிப்பு இப்போது பட்டினம் போகிற சாலையில் பனைமர உயரத்துக்கு நிற்கிறது. சவரிநாதன் அந்த வழியில் போவதில்லை. வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போகிறான். ஏனென்று கேட்டால், "பலகையில எவனோ பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான். காலையில அவன் மூஞ்சியில முழிச்சா நாளு வெளங்குமா?" என்கிறான்.