என் கை படாமல் ஓடிய வண்டி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். யாரோடும் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. மின்கோபுரங்களில் ஏறிச் சரிபார்ப்பது என் வேலை. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று சோதிக்காமல் விரல் வைக்காதவன் நான். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இது நடந்தது. எனக்கும், என் மனைவிக்கும், ஆறு வயது மகளுக்கும்.

எல்லாம் டயரில் ஆரம்பித்தது. கோபுரங்கள் நிற்கிற இடங்களுக்கு ஒழுங்கான பாதை கிடையாது. சேறு, பாறை, புதர். போன மழைக்காலத்தில் என் வண்டி அடிக்கடி சேற்றில் புதைந்தது. கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணியே உயிரை வாங்கினார்கள். ரோஷம் வந்து, பழைய டயர் கடைக்குப் போய் நாலு பெரிய காட்டு டயர்களை வாங்கி மாட்டினேன். அதிகம் ஓடாதவை. வண்டி ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. நானும்தான்.

சேற்றில் ராஜா மாதிரி போனது. நெடுஞ்சாலை ஏறியதும்தான் வினை. அறுபதைத் தாண்டினால் வண்டி அலைந்தது. நேராகப் பிடித்தால் இந்த ஓரம் போகும், இழுத்துத் திருப்பினால் அந்த ஓரம் பாயும். லாரிகள் அழுத்திப் பள்ளமாக்கிய தடத்தில் தானாகப் போய் விழுந்துகொள்ளும்.

"வண்டிக்கு யாராவது ஊத்திக் குடுத்துட்டாங்களா?" என்றாள் மனைவி.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எதைச் சொன்னாலும் 'சரி' என்பார், அதனால் அவருக்குச் சரியண்ணன் என்றே பெயர். அலைன்மென்ட் பார்த்தார். தேய்ந்த ஸ்டியரிங் மூட்டுகளை மாற்றினார். வண்டி எதற்கும் மசியவில்லை. கடைசியாக ஒரு சாக்பீஸ் எடுத்து, நாலு டயரிலும் குறுக்கே கோடு போட்டு, தெருமுனை வரை ஓட்டி வரச் சொன்னார். கோடு நடுவில் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் அழிந்தால் குறைவு. பெரிய டயருக்கு மெக்கானிக்குகள் காற்று பார்க்கிற முறை அது.

ஓட்டிவந்து நிறுத்தினேன். மூன்று டயர்களில் கோடு அழிந்திருந்தது. டிரைவர் பக்கத்து முன் டயரில் போட்ட கோடு... போட்டது போட்டபடி இருந்தது.

சரியண்ணன் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது.

"இந்த டயர் தரையில படவே இல்லியே," என்றார்.

"அதெப்படிண்ணே? வண்டியே அது மேலதானே நிக்குது?"

அன்றைக்கு மட்டும்தான் அவர் சரி என்று சொல்லவில்லை. வண்டியில் முன்பு இருந்த டயர்களைக் கொண்டுவரச் சொன்னார். அவசரக்குடுக்கை நான், அவற்றை அந்தக் கடையிலேயே தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

"அப்ப நாளைக்கு வேற டயர் தேடுவோம். அதுவரைக்கும் ஸ்டியரிங்கோட சண்டை போடாதீங்க. இறுக்கிப் பிடிச்சு ஒடிச்சா கவுத்துடும். விரல் நுனியில பிடிங்க. கொஞ்சம் விட்டுக் குடுங்க."

அன்று சாயங்காலமே மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

குழந்தையிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. மருந்து அடித்தால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் அவள் உதட்டைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது.

"இங்க வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நேரமில்ல."

ஆம்புலன்ஸ் எங்கோ வேறு விபத்துக்குப் போயிருந்தது. வாடகை வண்டி எதுவும் சிக்கவில்லை. இருந்தது இந்த அலைகிற வண்டி ஒன்றுதான். கிளம்பும்போது மணி 7.10. மழை பிடித்துக்கொண்டது.

மனைவி பின் சீட்டில் மகளை மடியில் போட்டிருந்தாள். மகளின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. ஐம்பதில் போனால் வண்டி நேராகப் போகும், ஆனால் போய்ச் சேரும்போது என்ன மிஞ்சும்? மிதித்தேன். எழுபது. வண்டி வலது ஓரம் பாய்ந்தது. இழுத்தேன். இடது ஓரம். எதிரே வந்த லாரி ஹாரனை அலறவிட்டு உரசிக்கொண்டு போனது. அந்த டயரை மாட்டிய என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மெதுவாப் போங்க!" என்றாள். அடுத்த நொடியே, "ஐயோ, வேகமாப் போங்க," என்று அழுதாள்.

சரியண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. பிடியைத் தளர்த்தினேன். விரல் நுனியில் பிடித்தேன். கொஞ்சம் விட்டுக் கொடுத்தேன்.

வண்டி... நேரானது.

எண்பது. தொண்ணூறு. துளி ஆட்டமில்லை. தடங்களைத் தாண்டி அம்பு மாதிரி போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணாடியில் ஆவி படிந்தது. வலது கையால் துடைத்தேன். பின்னால் விசில் சத்தம் திடீரென்று சன்னமானது. பதறிப்போய் இடது கையைப் பின்னால் நீட்டி மகளின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

ஒரு கை கண்ணாடியில். ஒரு கை அவள் பாதத்தில்.

ஸ்டியரிங் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வலம்... கொஞ்சம் இடம்... கைதேர்ந்த டிரைவர் பிடிக்கிற மாதிரி.

தொட்டுப் பார்த்தேன்.

ஈரம். யாரோ இத்தனை நேரம் பிடித்திருந்த சூடு.

"அப்பா..." மகளின் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "கை... வெக்காத... அந்த அப்பா... ஓட்டட்டும்."

"எந்த அப்பாடி?" என்றாள் மனைவி.

மகளின் தலை தொங்கிவிட்டது.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடியிருக்க வேண்டும். எங்கே ஓடுவது? இருட்டில், மழையில், மூச்சில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு? பயத்தைவிட அவள் பெரிது எனக்கு.

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன்.

"நீ யாரா இருந்தாலும் சரி... என் பொண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்துடு."

வேகமானி நூறைத் தாண்டியது.

7.48. ஆஸ்பத்திரி வாசல்.

வண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை.

குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். கதவு திறந்திருந்தது. மனைவி வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா எங்க?"

"நீங்கதானே... இப்ப வாங்கிட்டுப் போனீங்க?"

"நானா?"

"கை நீட்டினீங்களே... நனைஞ்ச கை..."

ஓடினேன்.

உள்ளே, கட்டிலில் மகள். முகத்தில் மூச்சுக் கவசம். நெஞ்சு ஏறி இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் வந்தார். "நீங்க மைனாவுக்கு யாரு?"

"மைனாவா? இது என் பொண்ணு. நான் அவ அப்பா."

"அப்பாவா? அவங்க அப்பாதானே தூக்கிட்டு வந்தாரு? தொப்பலா நனைஞ்சு... மைனாவைக் காப்பாத்துங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இப்பதான் வெளிய போனாரு."

எங்கள் வீட்டில் யாரையும் மைனா என்று கூப்பிடுவதில்லை.

மகள் பிழைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் டயர்களைக் கழற்றி, அதே கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். இவை யாருடையவை என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை.

"கவுந்த வண்டியில இருந்து எடுத்ததுங்க. பெரிய டயர் மாட்டி ஒரு வாரம் கூட ஆகலையாம். பொண்ணுக்கு மூச்சுத் திணறல், தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. வண்டி அலையவும் பயந்துபோய் ஸ்டியரிங்கை ஒடிச்சுட்டாரு. பொண்ணு ரோட்டுலயே போயிடுச்சு."

"அவரு?"

"ரெண்டு நாள் உயிரோட இருந்தாரு, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலதான். கண்ணு முழிக்கிறப்பல்லாம் ஒரே கேள்வியாம்... மைனா வந்து சேந்துட்டாளான்னு. யாருக்கும் உண்மையைச் சொல்ல மனசு வரல. சேந்துட்டா, நல்லா இருக்கான்னு சொல்லியே அனுப்பி வெச்சிருக்காங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. மகள் காதில் அந்தப் பெயர் விழ வழியே இல்லை. நர்ஸ் சொன்னபோது அவள் மயக்கத்தில் இருந்தாள்.

நேற்று மத்தியானம் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவள், "அப்பா..." என்றாள்.

"இங்கதான்டா இருக்கேன்."

கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள்.

"நீ இல்லப்பா. மைனாவோட அப்பா. என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு."